தண்ணீர் எடுத்த கீழ்த்தெரு

மழை இறங்கினால் என் கணவர் சாமான்களை மாடிக்குத் தூக்கத் தொடங்கிவிடுவார். அரிசி மூட்டை, சப்பாத்துகள், சுவாமிப் படங்கள், தேத்தண்ணிக் கேத்தல். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாண்டில் என்ற சின்ன ஆற்றில் முழங்காலளவு தண்ணீர்கூட இருக்காது. அதைச் சொன்னாலும் கேட்கமாட்டார். ஞாபகம் தடுமாறத் தொடங்கிய பிறகு வந்த பழக்கம் அது.

"அப்பாவுக்கு ஊர்ச் சண்டைதான் திரும்ப வருது போல," என்றாள் மகள். டொக்டரும் அப்படித்தான் நினைத்தார். யாழ்ப்பாணத்துப் போரிலிருந்து அகதியாக வந்தவர் என்றால் எல்லோரும் அதைத்தான் நினைப்பார்கள். ஆனால் ஒரு நாள் அவர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, திறந்துவிட்டுப் பயந்துபோய் நின்ற பெண்ணிடம் "மேலே போ, மேலே போ" என்று கத்தினார். ஜேர்மன் மொழியில் கத்தினார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

லண்டனுக்கு வருவதற்கு முன் நாங்கள் ஜேர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். இரண்டு மலைகளுக்கு நடுவே ஆறு லாடம் போல வளைகிற இடம். வெயில் விழும் சரிவில் திராட்சைத் தோட்டங்கள், எதிர்ச் சரிவில் கறுத்த காடு. கிறிஸ்தவக் கோயிலும் கடைத்தெருவும் மேட்டில் இருந்தன. பள்ளத்தில், தண்ணீரை ஒட்டி, கீழ்த்தெரு. மாரிகாலம் முழுக்க அங்கே வெயில் படாது. உடுப்புகள் காயாமல் தோல் மணத்தோடு தொங்கும்.

தோல் பதனிடும் ஆலை மூடிக் கனகாலமாகியும் அந்த மணம் சுவர்களை விட்டுப் போகவில்லை. முதலில் அந்த ஆலைத் தொழிலாளர்கள்தான் கீழ்த்தெருவில் இருந்தார்களாம். உலகப் போருக்குப் பிறகு கிழக்கு நாடுகளிலிருந்து துரத்தப்பட்ட ஜேர்மன்காரர்கள் வந்தார்கள். பிறகு இத்தாலிக்காரர், துருக்கிக்காரர், கடைசியில் நாங்கள். வந்தவர்கள் எல்லோரையும் அந்த ஊர் தண்ணீருக்குப் பக்கத்திலேயே குடிவைத்தது. ஆலைச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள் வெட்டியிருந்தார்கள். பிள்ளைகளின் உயரத்தை அளந்து கீறியவை என்று முதலில் நினைத்தேன். வெள்ளம் ஏறிய உயரங்கள் அவை. ஒரு கோடு என் தலைக்கு மேலே இருந்தது.

அங்கே எங்கள் எதிர்வீட்டில் ஒரு மனிதர் தனியாக இருந்தார். சிறுவயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கிழக்கிலிருந்து வந்தவர். எங்களைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பார், பேசமாட்டார். அவருக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

வெள்ளம் ஒரு மத்தியானத்தில் வந்தது. அந்த ஊரில் பெரிய மழைகூட இல்லை. மேலே எங்கோ கொட்டியதெல்லாம் பள்ளத்தாக்கு வழியே சேர்ந்து வந்தது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கதவு உடைவதுபோல ஒரு தட்டல். திறந்தால் எதிர்வீட்டுக்காரர். "மேலே, மேலே" என்று கத்தியபடி உள்ளே வந்து, தொட்டிலில் கிடந்த மகளைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். நானும் கணவரும் பின்னால் ஓடினோம். கோயில் வாசலில் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு மறுபடி கீழே இறங்கத் திரும்பினார். தெருவின் கடைசி வீட்டில் நடக்க ஏலாத ஒரு மனுசி இருந்தார். என் கணவரும் கூடப் போக வெளிக்கிட்டார். அந்த மனிதர் அவருடைய நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, "உனக்குப் பிள்ளை இருக்கிறது," என்றார்.

அந்த மனுசியை யாரோ படகில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த மனிதர் வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, ஆற்றின் வளைவில், திராட்சைத் தோட்டத்தின் அடியில் கிடந்தார்.

நாங்கள் லண்டனுக்கு வந்துவிட்டோம். என் கணவர் பிறகு ஒரு நாளும் அவரைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. மகளுக்கு எதுவுமே தெரியாது.

என் கணவர் லண்டனில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிய அன்று அவளை இருத்திவைத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு நெடுநேரம் தன் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒருக்கா போவம், அம்மா," என்றாள்.

இந்த வசந்தத்தில் போனோம். கீழ்த்தெரு இல்லை. வீடுகளை இடித்து, ஆறு பெருகினால் பரவட்டும் என்று புல்வெளியாக விட்டுவிட்டார்கள். ஒரு கல்கூட மிஞ்சவில்லை. எங்கள் வீடு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் கணவருக்குத் தெரிந்தது. லண்டன் வீட்டில் குளியலறைக்கு வழி கேட்கிற மனிதர், புல்லில் தயங்காமல் நடந்தார். ஓரிடத்தில் வலப்பக்கம் திரும்பினார். ஒன்றுமில்லாத இடத்தில் கால் உயர்த்திப் படி ஏறினார். தாழ்ந்த கதவுநிலைக்குக் குனிவதுபோலக் குனிந்தார். சற்று நின்றுவிட்டு வெளியே வந்து, இல்லாத தெருவின் அகலத்தை நேராகக் கடந்தார். கையை மடக்கிக் காற்றில் தட்டினார்.

காத்து நின்றார். மறுபடியும் தட்டினார். தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. ஆறு மட்டும் சளசளத்தது.

"அம்மா, அந்த இடத்தில என்ன இருந்தது?" என்றாள் மகள்.

"எதிர்வீட்டுப் பச்சைக் கதவு," என்றேன்.

லண்டனுக்குத் திரும்பிய வாரமே நல்ல மழை. அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்தார். மனம் கேட்காமல், "இஞ்சேருங்கோ, மழை பெய்யுதெல்லே?" என்று நானே கேட்டேன்.

"ஓம். அந்த மனிசன் வீட்டில இல்லை. போய்த் தட்டிப் பாத்தனான்தானே," என்றார்.

"ஓம்," என்றேன். "நானும் பாத்தனான்."