ஆமென் சொல்லும் வரை

என்னைப் போலக் கிறிஸ்தவக் குடும்பம் நடத்தும் சகோதரிகள் என்னைத் திட்டினாலும் சரி, இதை எழுதிவிடுகிறேன். ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்ததற்காக என் ஏழு வயது மகள் எஸ்தரை ரோத்தான் பிரம்பால் விளாசினேன்.

"நான் ஆமென் சொல்ற வரைக்கும் கண்ணத் திறக்கக் கூடாது, தெரியுதா?"

எங்கள் பினாங்குச் சபையில் என் பிள்ளைகளின் அடக்கத்தைப் பற்றித்தான் பேச்சு. அதில் எனக்கு அத்தனை பெருமை.

மறுநாள் காலை, கொதிக்கும் கஞ்சிச் சட்டியைப் பாயருகே இறக்கி வைத்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினேன். துறைமுக வேலைக்குப் போயிருந்த கணவருக்காக, சபைக்காக, ஊருக்காக என்று அது நீண்டுகொண்டே போனது. என் குரலைத் தவிர வேறெதுவும் எனக்குக் கேட்கவில்லை. தவழும் வயது மகன் சாமுவேலின் அலறல்தான் என்னை நிறுத்தியது. அவன் வலது கை சட்டிக்குள் இருந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு எஸ்தரை உலுக்கினேன். "தம்பியோட கொலுசுச் சத்தம் உனக்குக் கேக்கலையாடி?"

"கேட்டுச்சும்மா. நீங்க இன்னும் ஆமென் சொல்லலையே." கண்களை அப்போதும் இறுக மூடியிருந்தாள்.

சாமுவேல் உயிர் பிழைத்தது கர்த்தர் கிருபை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே ஆறின.

பிரம்பை அடுப்பில் வைத்து எரித்துவிட்டேன். இப்போதெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபிக்கிறேன், அதுவும் சுருக்கமாக. எஸ்தரையும் திறக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். நான் ஆமென் சொல்லும் வரை அவள் திறப்பதில்லை.