எங்கள் மண்பாதைக்கு வந்த மானியம்

ஈப்போவில் சுற்றுலாப் பயணிகள் கால் வைக்க இடமில்லாமல் முட்டி மோதுகிறார்கள். எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஈ காக்கை கூட எட்டிப் பார்ப்பதில்லை. இந்த அநியாயத்தைச் சரிசெய்ய அரசாங்கம் மானியம் ஒதுக்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். சுற்றுலா மேல் ஆசை ஒன்றுமில்லை. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். எங்கள் பழைய தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வரும் பாதை மழை பெய்தால் வெறும் சேறு. டயாலிசிஸ் வேன் பெரிய ரோட்டிலேயே நின்றுவிடும். அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நானும் மச்சானும் வேன் வரை தூக்கிக்கொண்டு போவோம். தார் போடச் சொல்லி நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. சுற்றுலா மானியம் வந்தால் பாதைக்குத் தாரும் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

விண்ணப்பத்தில், இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி. யோசித்தால் ஒன்றும் இல்லை. ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டுப் பல வருஷமாகிவிட்டது. 'பழைய தோட்ட வாழ்க்கை' என்று எழுதிவைத்தேன். அதைப் பார்க்க ஆள் வருகிறதா என்று சோதிக்க அதிகாரி வருவதாகப் பதில் வந்தது. ஆளுக்கு எங்கே போவது? ஜெலாப்பாங், செமோர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு வாருங்கள், எதைப் பார்த்தாலும் ஆஹா சொல்லுங்கள், அதிகாரி முன்னால் ஒரு குறை பேசக் கூடாது என்று பாடம் நடத்தினேன்.

வந்தார்கள், இருபது சுற்றுலாப் பயணிகள். வந்த வேகத்தில் பாதிப் பேர் அடுப்படிக்குள் நுழைந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விருந்தாளியாக உட்கார்ந்து பழக்கமில்லாத ஜனம். சித்தி கறுப்புக் கண்ணாடியோடு மீன் கழுவினாள்.

அதிகாரி ஈப்போவிலிருந்து வந்த தமிழ்ப் பெண். "இவங்க டூரிஸ்ட்டா அண்ணே?" என்று கேட்டார்.

"ஆமாங்க. சமைச்சுப் பழகுறாங்க."

அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு எல்லோரும் பாதையைப் பார்க்கப் போனோம். முதல் நாள்தான் மழை பெய்திருந்தது. அந்தப் பெண்ணின் சப்பாத்து சேற்றில் மாட்டிக்கொண்டது. இனி நான் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று என் மனசு குளிர்ந்தது. அப்போது, தானும் சுற்றுலாப் பயணி வேஷத்தில் நின்ற மச்சான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினான்.

"சேறா இது? சந்தனம்லா! ஈப்போவுல எங்க கிடைக்கும்? இதுல நடக்கத்தான் நான் செமோர்லேர்ந்து வாரேன்!"

இருபது பேரும் ஆஹா என்றார்கள். நான் சொல்லிக்கொடுத்த ஆஹா. முழங்கையால் அவனை இடித்தேன். போதவில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகப் புகழ்ந்தான்.

மானியம் கிடைத்தது. பெரிய ரோட்டோரம் ஓர் அலங்கார வளைவு, பஸ் நிறுத்த இடம், 'பாரம்பரிய மண்பாதை, தார் போடத் தடை' என்று ஒரு பலகை. வாகனம் நுழையாமலிருக்க மூன்று இரும்புத் தூண்கள். அதிகாரிக்குப் போன் செய்து கத்தினேன்.

"ரோடு சரியில்லன்னு நீங்க யாருமே சொல்லலையே அண்ணே" என்றார் அந்தப் பெண். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

போன வாரம் நல்ல மழை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது எதிரே நிஜமான சுற்றுலாப் பயணிகள் இரண்டு பேர், கோலாலம்பூர்க்காரர்கள், கேமராவைத் தூக்கினார்கள். எடுக்காதீர்கள் என்று கத்தினேன். அம்மா என் கையைத் தட்டி நாற்காலியை இறக்கச் சொன்னாள். சேற்றிலேயே இறக்கினோம். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எடுத்துக்கட்டும்டா. அவங்கள நமக்குப் பின்னால வந்து நின்னு எடுக்கச் சொல்லு. வேன் எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு படத்துல தெரியணும்."