வீட்டுக்குள்ளும் கழற்றாத செருப்பு

மலேசியாவின் சுங்கை வே எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினோரு வருடம் கால்கடுக்க நின்று, முப்பது பெண்களுக்கு லைன் லீடராக உயர்ந்தவள் சந்திரகலா. 1986இல் அந்தப் பதவிக்குக் குறுக்கே வந்தது அவளுடைய இடது கால் பெருவிரல். மூட்டெலும்பு பக்கவாட்டில் புடைத்து, விரல் சாய்ந்து அடுத்த விரல்மேல் ஏறிவிட்டது. வலி பொறுக்காமல் கம்பெனி ஷூவில் ஓட்டை போட்டுக்கொண்டாள்.

சூப்பர்வைசர் மார்க்கிரட் கண்ணில் அது பட்டுவிட்டது.

"ஓட்டை ஷூவோட லைன்ல நிக்க முடியாது கலா. காலைச் சரி பண்ணிட்டு வா. மூணு மாசம் உன் இடத்தை வச்சிருக்கேன். அதுக்கு மேல போனா லீடர் வேலை இல்ல, பேக்கிங் வேலைதான் லா."

டாக்டர் சண்முகரத்தினம் எலும்பை வெட்டி நேராக்கிக் கம்பி செருகினார். குதிகாலை மட்டும் ஊன்றி நடக்க, மரத்தில் அடிப்பாகம் வைத்த செருப்பு ஒன்றும் கொடுத்தார். ஆறு வாரம் அது இல்லாமல் ஓர் அடி வைக்கக்கூடாது.

மூன்றாம் வாரம் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் முகம் சுண்டியது. கம்பி நகர்ந்திருந்தது.

"செருப்பில்லாம நடந்தீங்களா?"

"வெளிய வந்தா கழட்டவே மாட்டேன் டாக்டர். வீட்டுக்குள்ள எப்படிச் செருப்போட போறது? வாசல்லயே விட்டுருவேன்."

"வெளிய எப்ப போவீங்க?"

"உங்களைப் பாக்க வர்றப்பதான்."

"அப்ப எனக்குக் காட்டத்தான் போட்டிருக்கீங்க. இன்னும் கொஞ்சம் நகர்ந்தா மறுபடி வெட்டணும்மா."

மறுபடி வெட்டினால் மூன்று மாதம் தாண்டிவிடும். லைன் கைவிட்டுப் போகும்.

வீடு திரும்பியவள் வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பின் மர அடியை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். பிறகு செருப்போடு எழுந்து உள்ளே நடந்தாள். டொக், டொக்கென்று சாமிமேடைவரை போய் விளக்கேற்றிக் கும்பிட்டாள்.

லோரி ஓட்டும் கணவன் வேலாயுதம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"சாமி முன்னால செருப்போட நிக்கிற மொத பொம்பள நீதான் லா."

"என் காலைச் சாமி பாத்துக்கும். நீங்க சட்டியைப் பாருங்க, கருகுது."

படுக்கையை விட்டு எழும்போதெல்லாம் அதை மாட்டினாள். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்ததைக் கண்டுகொள்ளவில்லை. ஆறாம் வாரம் கம்பியை உருவினார்கள். விரல் நேராக நின்றது. அதற்குப் பிறகும் சுவரைப் பிடித்து நடந்து நடந்து காலைப் பழக்கினாள்.

மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது புது ஷூவோடு லைனுக்கு வந்தாள். ஷிப்ட் முடியும் நேரம் மார்க்கிரட் ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"போதும் கலா, உக்காரு லா."

"மூணாவது டேபிள்ல அந்தப் புதுப் பொண்ணு காலைலேர்ந்து தலைசுத்தலோட நிக்குது. அதுக்குக் குடுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நடந்தாள் லைன் லீடர்.