அப்பாசாமி வெளியே போனால் கேமரா நிற்கும்

அப்பாசாமி என்னை ஒரே மாதத்தில் மூன்று முறை மலையேற வைத்தார். நான் காளப்பநாயக்கன்பட்டியில் கேமரா கடை வைத்திருப்பவன். அடிவாரத்துக் காரவள்ளியில் பைக்கை நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி மேலே போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அங்கே போய்ப் பார்த்தால் நான்கு கேமராவும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். "இப்ப ஓடுதுங்களே" என்றால், "நீ வந்திருக்கீல்ல, அதான் ஓடுது" என்பார். என்னையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுகிறார் என்று அப்போதே எனக்குப் பட்டது.

அவருக்கு அறுபது வயதிருக்கும். கொல்லிமலையில் பிறந்து அங்கேயே இருப்பவர். வீட்டைச் சுற்றி மூன்று ஏக்கர் நிலம், சில்வர் ஓக் மரம் ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி. மனைவி ராசம்மாள் இறந்து நான்கு வருடமாகிறது. மகன் பிரவீன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். தன் நிழலையே நம்பாத மனுஷர் என்று ஊரில் அவரைக் கேலி செய்வார்கள், அவர் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார். பஸ்ஸில் ஏறினால் பையை மடியைவிட்டு இறக்கமாட்டார். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு எடை போடும்போது எல்லோரும் தராசைப் பார்ப்பார்கள். இவர் எடை போடுகிறவனின் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் காலத்திலோ ஒரு வியாபாரி விரலால் தராசு மேடையைக் கீழிருந்து முட்டுக் கொடுத்துவிட்டானாம். சாயந்திரம் மிளகைக் குவித்து மூடும்முன் குவியலின்மேல் விரலால் நெளிநெளியாக ஒரு கோடு இழுத்து வைப்பார். காலையில் கோடு கலைந்திருந்தால் அணிலா, கோழியா, ஆளா என்று அரை நாள் யோசிப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, அவருக்குக் காரணமும் இருந்தது. போன வருடம் காய்ந்த மிளகு ஒரு மூட்டை களத்திலிருந்து காணாமல் போனது. எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அதனால்தான் இந்தத் தை மாதம் அறுவடை தொடங்கும்முன் மகனை நான்கு கேமரா வாங்கி அனுப்பச் சொல்லி, என்னைக் கூப்பிட்டு மாட்டச் செய்தார். அவர் வீட்டுக்குக் கேபிள் லைன் கிடையாது. சிம் கார்டு போட்ட சின்ன ரவுட்டர் ஒன்றை, வீட்டுக்குள் டவர் கிடைக்கிற ஒரே இடமான கிழக்கு ஜன்னலில் வைத்தேன். கேமராக்கள் அதிலிருந்து வைஃபை எடுத்துக்கொண்டு படத்தை அவருடைய போனுக்கு அனுப்பும். சந்தையில் நின்றபடியே தன் களத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பிறகு போன் வந்தது.

"தம்பி, நான் ஊட்ட உட்டு எறங்குனா கேமரா நின்னு போவுது. ஊட்டுக்கு வந்தா ஓடுது. இது மிசினு பண்ற வேலையா, மனுசன் பண்ற வேலையா?"

"வந்து பாக்கறனுங்கய்யா. நாளைக்கிப் பத்து மணிக்கெல்லாம் வாரேன்" என்றேன்.

முதல் தடவை போனபோது அடாப்டர்களை மாற்றினேன். இரண்டாம் தடவை வைஃபை சேனலை மாற்றி, களத்துக் கேமராவை இரண்டடி கீழே இறக்கினேன். மூன்றாம் தடவை புது ரவுட்டரே கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொரு முறையும் நான் இறங்கி வந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அவர் வெளியே கிளம்புவார், கேமரா நின்றுவிடும். கேமராவுக்குள் மெமரி கார்டு இருந்தால் நெட் இல்லாத நேரத்திலும் பதிவாகியிருக்குமே என்று திறந்து பார்த்தால், நான்கிலும் கார்டு இல்லை. அவர் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து நான்கு கார்டையும் காட்டினார். கேமராவைத் திருடுகிறவன் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுவானாம். நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டது என் மடத்தனம்.

அவர் வெளியே போகும் நாட்களில் களத்தில் இருப்பது ஒரே ஒரு ஆள், ராமாயி. பக்கத்துக் குடியிருப்புக்காரி. பன்னிரண்டு வருடமாக அவருக்கு மிளகு பறிப்பவள். ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறிப் பறித்து, களத்தில் கொட்டிக் காலால் மிதித்து உதிர்த்து, வெயிலுக்குத் திருப்பித் திருப்பிக் காயப்போடுவாள். அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். நான் போகும்போதெல்லாம் எனக்கு இரண்டு மலைவாழைப்பழம் கொடுப்பாள். இரண்டாம் தடவை போனபோது, "ஏனுங் கண்ணு, இந்தக் கேமரா மழைல நனஞ்சா கெட்டுப்போவுமா?" என்று கேட்டாள். அப்போது சாதாரணமாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, இவள் ஏன் அதைக் கேட்டாள் என்று இருந்தது. அப்பாசாமியோடு பழகினால் அப்படித்தான், அந்தப் புத்தி நமக்கும் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் தடவையும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாமல் நின்றபோது எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. என் வேலையில் குறை இல்லை என்று காட்ட வேண்டுமே. வெளிச் சுவரில் மீட்டரை ஒட்டி மெயின் சுவிட்ச் இருப்பதைப் பார்த்தேன்.

"ஏனுங்கய்யா, மெயின் சுச்சு வெளியவே இருக்குதுங்களே. ஊட்டப் பூட்டிட்டுப் போனாலும் ஆரு வேணாலும் அமத்தலாமுங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. களத்தில் குனிந்து மிளகைத் திருப்பிக்கொண்டிருந்த ராமாயியை ஒருமுறை பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நானும் தப்பித்தோம் என்று பைக்கை எடுத்தேன்.

நான்கு நாள் கழித்துப் போன் செய்தார். ராமாயி மெயினை அணைத்துவிட்டு மிளகு எடுக்கிறாள் என்று பஞ்சாயத்துப் பண்ணும் ஊர்க்கவுண்டரிடம் சொல்லியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை கருப்பனார் கோயிலில் ராமாயி சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், நானும் வந்து மெயின் சுவிட்ச் சமாச்சாரத்தைச் சொல்ல வேண்டும் என்றார்.

அவர்கள் ஊரில் அது விளையாட்டுக் காரியம் இல்லை. கோயில் படியில் சூடத்தை ஏற்றி வைப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் "நான் செய்யவில்லை" என்று சொல்லி அதைக் கையால் அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் பழி போய்விடும். ஆனால் சத்தியம் கேட்ட வீட்டுக்கும் அணைத்த வீட்டுக்கும் அன்றோடு தண்ணீர்ப் புழக்கம்கூட இருக்காது. நல்லது கெட்டதுக்குப் போகமாட்டார்கள், பிள்ளைகள் காலத்திலும் அப்படித்தான். அணைக்க மறுத்தால் கள்ளி என்று பெயர் நின்றுவிடும். ராமாயியின் மகள் கலைச்செல்விக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை கடையில் உட்கார்ந்து, முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். அவர் கேமரா கணக்கை என் போனில் திறந்து, எப்போது என்ன நடந்தது என்று கேமரா தானே எழுதி வைக்கிற குறிப்பைப் பார்த்தேன். மெயினை அணைத்துப் போட்டிருந்தால் கேமரா நின்று மறுபடி தொடங்கியதாக இருக்கும். ஒரு இடத்தில்கூட அப்படி இல்லை. கரண்ட் இருந்திருக்கிறது, கேமராவும் விழித்துத்தான் இருந்திருக்கிறது. வைஃபை மட்டும் போயிருக்கிறது. மெயின் சுவிட்சை யாரும் தொடவே இல்லை. இதைப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது.

உடனே அவருக்கு அடித்தேன். லைன் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் போகவில்லை. முதல்முறையாகச் சொல்லாமல் மலையேறினேன்.

நான் போய் இறங்கியபோது அப்பாசாமி வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போனைப் பார்த்தேன், நான்கு கேமராவும் நின்றிருந்தன. களத்தில் யாரும் இல்லை. அவரைத் தாண்டி உள்ளே போனேன். கிழக்கு ஜன்னல் காலியாக இருந்தது.

"ரவுட்டர் எங்கீங்கய்யா?"

"எது?"

"ஜன்னல்ல வெச்சனே, அந்த டப்பாங்க."

திருட வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "அது பத்தரமா இருக்குது."

"எங்கீங்க?"

அரைஞாண் கயிற்றிலிருந்த சாவியை எடுத்து, ஜன்னலை ஒட்டியிருந்த இரும்பு பீரோவைத் திறந்தார். ராசம்மாளின் சேலைகளுக்கு நடுவில் ரவுட்டர் உட்கார்ந்திருந்தது. பீரோவின் பின்பக்கம் துருப்பிடித்து விழுந்த ஓட்டை வழியாக ஒயர் போயிருந்தது. பச்சை லைட் மினுக்கிக்கொண்டிருந்தது.

"நானில்லாதப்ப ஆராச்சும் ஜன்னல் வழியாக் கைய உட்டு எடுத்துட்டா? அதான் வெளிய போறப்ப உள்ள வெச்சுப் பூட்டீருவேன். லைட்டு எரியுதல்ல? அப்பறமென்ன?" என்றார்.

பீரோவைத் திறந்தபடியே வைத்துப் போனைக் காட்டினேன், சிறிது நேரத்தில் களம் தெரிந்தது. கதவை மூடினேன், படம் நின்றது. இரும்புக்குள் வைத்துப் பூட்டினால் டவரும் உள்ளே வராது, வைஃபையும் வெளியே போகாது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. என்னை நகரச் சொல்லிவிட்டுத் தன் கையாலேயே திறந்து மூடிப் பார்த்தார். மூன்று தரம் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பறம் நான் வரப்பெல்லாம் ஜன்னல்ல இருந்துச்சே, அது எப்படீங்க?" என்று கேட்டேன்.

"நீ போன் பண்ணீட்டுத்தான வருவ. எங்க வெக்கறேன்னு உனக்கும் தெரிய வேண்டாம்னு எடுத்து வெளிய வெச்சிருவேன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த ரவுட்டரைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். மூன்று முறை மலையேறி இறங்கியிருக்கிறேன், அந்த மனுஷர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கத்துவதற்கு எனக்கு யோக்கியதை ஏது? அவர் மறைத்தது ஒரு டப்பாவை. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு பொம்பளையைக் கோயில் படிக்கு அனுப்பியிருந்தேன். "எந்திரிங்க, போலாம்" என்று அவரைப் பைக்கில் ஏற்றினேன். வழியெல்லாம் என் முதுகைப் பிடித்துக்கொண்டு, "நாந்தானா, நாந்தானா" என்று முனகிக்கொண்டே வந்தார்.

கோயிலில் இருபது பேர் கூடியிருந்தார்கள். படியில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. ராமாயி தலைக்குக் குளித்து ஈரத் தலையோடு நின்றாள், மகள் பக்கத்தில் நின்றாள். அப்பாசாமி பைக்கிலிருந்து இறங்கி நேராக அவளிடம் போனார். அவர் யாரிடமும் தணிந்து பேசி நான் பார்த்ததில்லை.

"ராமாயி, தப்பு என்னோடது. அந்த டப்பாவ நாந்தான் பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கறேன். அதான் கேமரா நின்னுருக்குது. நீ சூடம் அணைக்க வேண்டாம், சாமி. ஊட்டுக்கு வா, மொளகு அப்படியே கெடக்குது."

ஊர்க்கவுண்டருக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி ஆகிவிட்டது. "அதான் அவுரே சொல்லீட்டாரல்ல, உடு ராமாயி" என்றார்.

ராமாயி நகரவில்லை.

"நீங்க ஊட்ல இல்லாத அன்னிக்கெல்லாம், வேல முடிஞ்சு போறப்ப, அந்தக் கேமராவுக்கு முன்னால நின்னு என் பையத் தலகீழா உதறிக் காட்டீட்டுத்தானுங்க போனேன். முந்தானையும் உதறிக் காட்டுனேன். மடியையும் அவுத்துக் காட்டுனேன். நீங்க சந்தைல இருந்து பாப்பீங்கன்னு நெனச்சேன். அப்ப ஆருமே பாக்கலீங்களா?"

அப்பாசாமி, கார்டுகள் கிடந்த இடுப்புச் சுருக்குப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"கேமரா நல்லாயிருச்சு. எம்பேரு நல்லாவுமுங்களா?" என்று கேட்டுவிட்டுக் குனிந்தாள். "இந்தக் களத்துல ஒரு மணி மொளகு நான் எடுக்கல" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லி, உள்ளங்கையால் சூடத்தை அமுக்கினாள். அப்பாசாமி தடுக்கக் கையை நீட்டினார், அதற்குள் அணைந்துவிட்டது. கூட்டம் அவருக்கும் அவளுக்கும் நடுவே வழிவிட்டு ஒதுங்கியது. அவர் நீட்டிய கையை மடக்காமல் அங்கேயே நின்றார்.

ராமாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கமாக வந்தாள். பைக்கின் அருகே நின்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மெயின் சுச்ச நான் அமத்தறேன்னு நீதான் சொன்னியாமா, கண்ணு?"

உன் பெயரை நான் சொல்லவில்லை, யார் வேண்டுமானாலும் அணைக்கலாம் என்றுதான் சொன்னேன் என்று பதில் நாக்கு நுனி வரை வந்தது. களத்தில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை என்று தெரிந்துதான் அதைச் சொன்னேன்.

"ஆமாங்க" என்றேன்.