பத்துத்தாள் டீச்சர்

பத்தாவது விடைத்தாளில் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டதும் சிவப்புப் பேனாவை மூடிவிடுகிறார் கணக்கு டீச்சர். மேஜையில் இன்னும் முப்பது தாள்கள் கிடக்கின்றன. கிடக்கட்டும். "பதினொண்ணுலேருந்து திருத்துறது நான் இல்ல, என் கை" என்பார். ஆசிரியர் அறையில் அவருக்குப் 'பத்துத்தாள்' என்றே பெயர். அதை வைத்தவன் நான்தான். பக்கத்து மேஜையில் அறிவியல் தாள்களை மூட்டை கட்டி வீட்டுக்குச் சுமக்கிறவனுக்கு வேறென்ன செய்யத் தெரியும்?

மூன்று வருடத்துக்கு முன்புவரை அவரும் மூட்டை சுமந்தவர்தான். அப்போது ஒரு மாணவியின் சரியான விடையைத் தப்பு என்று சிவப்பில் அடித்துவிட்டார். புத்தகத்தில் இல்லாத வழியில் செய்திருந்தாள், அவ்வளவே. "சண்டைக்கு வந்திருந்தாகூடப் பரவால்ல சார். 'விடுங்க டீச்சர், நீங்க டயர்டா இருக்கீங்க'ன்னுட்டா." அன்று மாலையே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கணவரிடம் நீட்டினாராம். அவர் படித்துவிட்டு, "முதல்ல தூங்கு. எந்திரிச்சும் இதே நெனப்பிருந்தா நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றாராம். பதினாலு மணி நேரம் தூங்கினார். கடிதம் இன்னும் போய்ச் சேரவில்லை.

அன்றிலிருந்து ஒரு நேரத்துக்குப் பத்தே தாள். மதியச் சாப்பாட்டில் யாராவது பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவார். சனிக்கிழமை நீச்சல் வகுப்பு; ஐம்பது வயதில், பொடிசுகளோடு. ஏழு மாதமாகியும் மிதக்க வரவில்லை. மாஸ்டர் திட்டுகிறாராம். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. "புரியாம முழிக்கிறது எப்படி இருக்கும்னு மறந்துடக் கூடாது பாருங்க." எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

போன வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். இவருடைய தாள்கள்தான் எப்போதும் கடைசியாக வருகின்றன. "ஒண்ணு, மத்தவங்க மாதிரி சீக்கிரம் திருத்துங்க. இல்லன்னா ஆபீஸுக்கு வந்துடுங்க. டைம்டேபிள் போடுங்க, கிளாஸே வேண்டாம். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க." வெளியே வந்தவரின் முகம் வெளுத்திருந்தது. "கிளாஸ் இல்லாம நான் என்ன சார் பண்ணுவேன்?" என்றார். மணி அடித்தது, போய்விட்டார்.

அன்று கடைசிப் பாடவேளையில் அவர் வகுப்பு வழியாகப் போனேன். கரும்பலகை முன்னால் ஒரு மாணவி பாதிக் கணக்கில் மாட்டிக்கொண்டு நின்றாள். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் கடைசி பெஞ்சில், பிள்ளைகளோடு பிள்ளையாக, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பதில் கேட்க வந்த தலைமையாசிரியை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார். பிறகு சற்று நகர்ந்து, பெஞ்சில் அவருக்கும் இடம் விட்டார்.