காதுக்குள் மகள்

காலை பத்து நாற்பதுக்குப் பட்டிமன்ற நடுவர் என் மகளுக்குப் போன் செய்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறிவிட்டாராம். மடவார் வளாகம் பக்கம் நெரிசலில் பஸ் நகரவே இல்லையாம். "செத்த நேரத்துல வந்திருதேன்" என்றார். பதினொன்றரை ஆகியும் அந்தச் செத்த நேரம் முடியவில்லை.

ராஜபாளையத்தில் உள்ளூர் கேபிள் சேனலின் மாடி ஸ்டுடியோ. என் மகள் முதன்முதலாக இயக்கும் பட்டிமன்றம். தலைப்பு: கவலைப்பட்டே பிள்ளைகளைக் கெடுப்பவர் தாயா, தந்தையா? ஒரு மணிக்குச் செய்தி வாசிப்பவர்களுக்கு இடத்தை விட வேண்டும். அதற்குள் பதிவாகாவிட்டால் நிகழ்ச்சியைப் பழைய இயக்குநரிடமே கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். நான் பார்வையாளராகத்தான் போனேன், ஒரு டப்பா இட்லியோடு.

மகள் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஓடி வந்தாள்.

"அம்மா, நீ ஸ்கூல் பேச்சுப்போட்டிக்கெல்லாம் நடுவரா இருந்தவதானே? நாற்காலியில உக்காரு. நான் காதுல சொல்லுறதை மட்டும் செய்யி. பதில் பேசாத."

காதில் ஒரு குட்டி இயர்போனைச் சொருகினார்கள். சேலையில் மைக்கைக் குத்தினார்கள். விளக்குகள் எரிந்ததும் மகள் கன்ட்ரோல் ரூமுக்குத் திரும்பி ஓடினாள்.

"தாயே" என்று வாதாட வந்தவர், மகன் கல்லூரிக்குப் போன பஸ்சின் பின்னாலேயே ஆட்டோவில் போன ஒரு தாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். காதுக்குள் மகள்: "ரெண்டாவது கேமராவைப் பாரும்மா."

"அது எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். பேச்சாளர் திகைத்து நின்றார்.

"பேசாதங்கேன்ல!" என்று அதட்டியவள் இருமினாள். வறட்டு இருமல். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"ஏட்டி, காலையிலேருந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்கல நீ! பையில இட்லி இருக்கு, பிட்டு வாயில போடு!"

ஸ்டுடியோ முழுக்கக் கேட்டது. எதிரணிப் பெண் எழுந்தார். "நடுவர் அவர்களே, நாங்க இன்னும் பேசணுமா, வீட்டுக்குப் போகட்டுமா? தீர்ப்பைத்தான் நடிச்சே காமிச்சிட்டீகளே!"

கைதட்டல் அடங்கவே இல்லை. கேமராக்காரர் சிரித்ததில் படம் ஆடியது. தாய்தான் என்று நானே தீர்ப்பும் சொல்லி முடிக்கையில் பன்னிரண்டே முக்கால்.

மகள் முகம் கறுத்து வந்தாள். என் குரலை வெட்டலாம் என்றால் எல்லா இடத்திலும் என் குரல். திரும்ப எடுக்க நேரமும் இல்லை. "போச்சும்மா" என்றாள்.

அப்போதுதான் நடுவர் வேர்க்க வேர்க்கப் படியேறி வந்தார். மகள் பதிவை ஓடவிட்டாள். நின்றபடியே பார்த்தவர், சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் எம்புட்டோ வருசமா நடுவரா உக்காந்துட்டேன். ஒரு பய இப்படிக் கை தட்டல. இதுல ஒரு நொடி வெட்டுனாலும் இனி இந்த மாடி ஏற மாட்டேன்னு உங்க முதலாளிகிட்டச் சொல்லு, தாயி!"