அக்காவின் தப்படி

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் வேன் புறப்படுவதற்குள் மேடம் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தார். ஏரி நெருங்கும்போது இரண்டாவது பாட்டிலைத் திறந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "அவசர மேடம் ஆரம்பிச்சிட்டாங்க."

ஏரியைப் பார்க்க வருகிறவர்களுக்கு எது எங்கே வேண்டும் என்று திட்டம் போடுவது மேடத்தின் வேலை. பாதை, பெஞ்சு, நிழல், கழிப்பறை. "பறவைங்களுக்கு நாம ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இருந்தா போதும். மனுஷங்களுக்குத்தான் எல்லாம் வேணும்" என்பார். மூன்று வருஷம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய எனக்கு, அவருக்கு டேப் பிடிக்கும் வேலை கிடைத்தது.

மற்றவர்கள் வரைபடத்தில் கட்டம் போடுவார்கள். மேடம் தன் உடம்பில் போட்டுப் பார்ப்பார். பெஞ்சு வேண்டிய இடத்தில் பக்கெட்டைக் கவிழ்த்து அரை மணி நேரம் உட்காருவார். முதுகில் வெயில் ஏறினால் பக்கெட் நகரும். கைப்பையில் ஒரு சீப்பும் மஞ்சள் ரிப்பன் சுருளும்தான் இருக்கும். இடம் முடிவானால் குச்சி நட்டு ரிப்பன் கட்டிவிடுவார். அறிவிப்புப் பலகை மட்டும் ஆகாது. "போர்டு வெச்சா போர்டைத்தான் போட்டோ எடுப்பாங்க."

தண்ணீர் குடிப்பது கழிப்பறைக்காக. வாசலிலிருந்து பறவை பார்க்கும் குடில் ஒன்றரை கிலோமீட்டர். குடித்துவிட்டு நடப்பார், தாங்காத இடத்தில் ரிப்பன். அன்று மூவாயிரமாவது தப்படியில், குடிலுக்குப் பக்கத்தில் கட்டினார். கட்டிவிட்டு அவர் வாசலில் காவலாளி அறைக் கழிப்பறைக்குத் திரும்பிய வேகத்தில் நான் டேப்பைச் சுருட்டி முடிக்கவில்லை.

மாலையில் நானும் அவர் வீட்டுக்குப் போனேன். அங்கே அந்த ரிப்பன் பேச்சிலேயே அவிழ்ந்தது. அவிழ்த்தவர் அவருடைய அக்கா. "உனக்கு அம்பத்தொண்ணு, எனக்கு அறுபத்தாறு. உன்னை வெச்சு அளந்தா பாதி வழியில நான் என்னடி பண்றது?"

தங்கை பதினோரு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழும் ஏரியை அக்கா பார்த்ததே இல்லை. எங்காவது கிளம்ப வேண்டுமென்றால் காலையிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறவர். அப்படி நிறுத்தி இரண்டு தடவை பஸ்ஸில் மயங்கி விழுந்தபின் கிளம்புவதையே நிறுத்திவிட்டார். அவரை ஒரு தடவையாவது அங்கே கூட்டிப்போக வேண்டும் என்பது மேடத்தின் பிடிவாதம்.

"அப்போ நீயே வந்து நடந்து காட்டு."

"பாத்ரூம் கட்டு, வரேன்."

"நீ வந்தாத்தானே எங்க கட்டறதுன்னு தெரியும்?"

"கட்டினாத்தான் வருவேன்."

மேடம் எழுந்தார். உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பிறகு வீட்டு வாசலிலிருந்து தெருமுனை, தெருமுனையிலிருந்து வாசல் என்று அக்காவை நடக்கவிட்டார். எண்ணும் வேலை எனக்கு. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "என்னக்கா, யார்மேலயாவது கோவமா?" என்றார். ஆயிரத்து எண்ணூறு தப்படிக்கு நாலு கூடுதலாக எண்ணியபோது, அக்கா விறுவிறுவென்று வீட்டுக்குள் திரும்பினார். பாத்ரூம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மறுநாள் ரிப்பன் பாதி வழிக்கு, தண்ணீரை விட்டு விலகிய ஒரு பாறையின் பின்பக்கத்துக்கு இடம் மாறியது.

திட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பொறியாளர் ஒப்புக்கொள்ளவில்லை. அனுமதி இரண்டு கழிப்பறைக்குத்தான். "ரெண்டும் வாசல்லயே இருக்கட்டும்மா. பைப் வாசலோட முடியுது."

"ஆளுங்க வாசலோட முடியலையே சார். ஒண்ணு இங்க, ஒண்ணு பாதியில. அதுக்குப் பைப் தண்ணி தேவைப்படாத மாதிரி வரைஞ்சு வெச்சிருக்கேன்."

"பாதின்னு எந்த விதிப்புத்தகத்துல இருக்கு?"

"எங்க அக்கா நடந்து பார்த்தாங்க சார்."

அவர் சிரித்தார். மேடமும் சிரித்தார். இடத்தைப் பார்வையிடும் நாளன்று, வாசலில் தட்டுத் தட்டாகத் தர்பூசணி நறுக்கி வைத்திருந்தார். "வெயில் சார், சாப்பிடுங்க." பொறியாளர் ஐந்து துண்டு சாப்பிட்டார். குடில் வரை உற்சாகமாகப் பேசிக்கொண்டே நடந்தவர், திரும்பும் வழியில் பேச்சைக் குறைத்தார். மஞ்சள் ரிப்பன் அருகே நின்றேவிட்டார்.

"இங்கேர்ந்து வாசல் எவ்ளோ தூரம்?"

"ஆயிரத்து எண்ணூறு தப்படி சார். அது எங்க அக்கா கணக்கு. உங்களுக்குக் கால் நீளம், கொஞ்சம் கம்மியா வரும்."

அவர் வாசலை நோக்கிப் போன வேகத்தில் நாணலிலிருந்து இரண்டு கொக்குகள் எழுந்து பறந்தன. அடுத்த வாரம் கையெழுத்து வந்தது. அதற்கடுத்த மாதம் எனக்குக் கால் அரித்தது, மறுபடி கிளம்பிவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, எந்த ஊருக்கு என்று முடிவு செய்யாமல் ஒரு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது மேடத்திடமிருந்து செய்தி வந்தது. "அக்கா வந்தா. பாறைகிட்ட கட்டின பாத்ரூமை உபயோகிக்கவே இல்ல. கதவைத் திறந்து பார்த்தா, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தா, நடந்துட்டே போயிட்டா. கேட்டா, இருக்குன்னு தெரிஞ்சப்புறம் அவசரமே வரலைடிங்கறா."

கூடவே ஒரு படம். குடிலில் உட்கார்ந்து அக்கா அண்ணாந்து பாட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது, மூடி திறந்த இரண்டாவது பாட்டிலை நீட்டியபடி.